கடைசி வரிசையில் ஓர் இடம்

என் மகனுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. அதைத்தான் தினமும் போனில் விசாரித்துக்கொள்கிறோமே, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று. போனில் பேசும்போது உன் ஒரு காது என்னிடம் இருக்கும், இன்னொரு காது ஆபீஸில் இருக்கும். எனக்கும் அப்படித்தான். ஒரு காதில் நீ, இன்னொரு காதில் குக்கர் விசில். அதனால்தான் போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "இன்னாமா, இத்தினி வருஷமா கட்டிக்காத்த கிளாஸ அவ்ளோ ஈஸியா அந்தப் பூங்கொடிக்குத் தூக்கிக் குடுத்துட்ட? ஒனக்கு ஒண்ணுமே தோணலியா?" என்றாய். நான் சிரித்து வைத்தேன். நீ கோபமாகப் போனை வைத்தாய். கல்யாணத் தேதி நெருங்குகிற நேரத்தில் அம்மா மேல் கோபத்தோடு நீ மணையில் உட்காரக் கூடாது. எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது படி, கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

நான் யோகா டீச்சர் ஆனதற்கு முழுப் பொறுப்பு உன் அப்பாவின் இடுப்பு. அவர் அரசு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாமல் நிற்பார். விழுப்புரம் டெப்போவில் டிரைவர்களுக்காக ஒரு யோகா முகாம் போட்டார்கள். குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். "நான் மட்டும் போய் ஒத்தக் கால்ல நின்னுக்கினு கீறத நாலு பேரு பாத்தா சிரிப்பான். நீயும் வாம்மே" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். முதல் நாளே சவாசனத்தில் குறட்டை விட்டார். அந்த முகாம் முடிகிற வரைக்கும் அவர் கற்றுக்கொண்ட ஒரே ஆசனம் அதுதான். ஆனால் எனக்கு வேறொன்று நடந்தது. பஸ் கழுவுகிற கொட்டகையில், டீசல் வாசனைக்கு நடுவில், காக்கிச் சட்டைக்காரர்களும் அவர்கள் மனைவிமார்களும் நின்றுகொண்டிருந்தோம். "மூச்சை இழுத்துக்கொண்டே கையை மேலே கொண்டு போங்கள்" என்றார் அந்த வாத்தியார். அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. ஊரில் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே மூச்சை இழுத்தார்கள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சமைக்கவும் துவைக்கவும் மட்டும் இருந்த என் கைகள் எதற்காகவும் இல்லாமல் வெறுமனே மேலே போனதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பயிற்சி, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய் வந்து முடித்தேன். அந்த முதல் மூச்சின் வியப்பு மட்டும் இன்றைக்கு வரைக்கும் தீரவில்லை.

திண்டிவனத்தில் வகுப்பு தொடங்க இடம் தேடி அலைந்ததை நீ ஹாஸ்டலில் இருந்ததால் பார்க்கவில்லை. மாடி வைத்திருந்தவர்கள் ஒருவரும் தரவில்லை. "விடியக்காலம் இத்தினி பொம்பளைங்க திபுதிபுன்னு மாடி ஏறுனா கீழ் வூட்டுக்காரன் காலி பண்ணிக்கினு ஓடிடுவான்" என்றார் ஒருத்தர். கடைசியில் கல்யாண மண்டபத்துக்காரர்தான் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். "முகூர்த்தம் இல்லாத நாள்ல சும்மாதாம்மா கெடக்குது. பாயப் போட்டுக்க. வாசல்ல வாழ மரம் கட்டியிருந்தா மட்டும் உள்ள வராத" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பு பஞ்சாங்கத்தின்படி நடந்தது. காலையில் வந்து பார்ப்பார்கள், வாசலில் வாழை மரம் இருந்தால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். ஊரே ஆடியையும் மார்கழியையும் ஆகாத மாதம் என்று ஒதுக்கி வைத்திருக்க, எங்களுக்கு அவைதான் யோகமான மாதங்கள். ஒரு நாள் தடை இல்லாமல் வகுப்பு நடக்கும். ஆடியில் தரையைத் தொட்ட கை, ஆவணி முகூர்த்தங்கள் முடிவதற்குள் முழங்காலோடு நின்றுவிடும். முந்தின நாள் விருந்தின் வாசனையும் கூடத்தைவிட்டுப் போகாது. எல்லாரையும் படுக்க வைத்து, மனதை வெறுமையாக்குங்கள் என்று நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். மூலையிலிருந்து ஒரு குரல் வரும், "நேத்து வத்தக்கொழம்பு டீச்சர்." அவ்வளவுதான், அத்தனை வயிறுகளும் குலுங்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வீட்டில் அந்தப் பெண்கள் அப்படிப் படுத்துக்கொண்டு சிரிக்க இடம் ஏது?

இங்கே என் தொழிலின் ஒரு சூட்சுமத்தைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் நான் சொல்லப்போவது உனக்குப் புரியாது. யோகா டீச்சர் மாணவிகளைப் பார்த்து எதிரில் நிற்கிறவள். அவள் "வலது கை" என்று சொல்லும்போது தன் இடது கையைத் தூக்கவேண்டும். அப்போதுதான் எதிரில் இருப்பவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துத் தங்கள் வலது கையைத் தூக்குவார்கள். வாய் ஒன்று சொல்லும், கை இன்னொன்று செய்யும். முதல் சில மாதங்கள் எனக்குத் தலை சுற்றியது. பிறகு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எவ்வளவு ஊறியது என்றால், கோயிலில் திருநீற்றுக்கு இடது கையை நீட்டிக் குருக்களிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். வல்லம் பக்கம் ஒரு காதுகுத்துக்கு வண்டியில் போனபோது, பின்னால் உட்கார்ந்திருந்த நான் "இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லி வலது கையை நீட்டினேன். உன் அப்பா காதால் கேட்கிற ஆள் இல்லையே, கையைப் பார்த்தார். போய் நின்றது ஒரு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில். "இத்தினி வருஷம் பஸ்ஸு ஓட்னவன் நான். கண்டக்டர் விசில்ல கூட ஏமாந்ததில்ல, ஒன் கையில ஏமாந்துட்டேன்" என்றார். காது குத்தி முடிந்து குழந்தை தூங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

பொம்மையார்பாளையத்தில் கடலோரத்து விடுதி ஒன்றில் ஒரு சீசன் வகுப்பு எடுத்தேனே, நினைவிருக்கிறதா? அம்மா இனிமேல் வெளிநாட்டுக்காரர்களுக்கு டீச்சர் என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமை அடித்துக்கொண்டாய். விடியலில் மணலில் வகுப்பு. விருந்தாளிகள் கடலைப் பார்த்து நிற்பார்கள், நான் அவர்களைப் பார்த்து நிற்பேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் எழும். நான் பார்ப்பது அவர்கள் முகங்களில் ஏறுகிற வெளிச்சத்தை மட்டும்தான். அதுவும் பெரிய காட்சிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். சாம்பலாக இருந்த முகம் மெல்ல மெல்லச் செம்பாவதைப் பார்த்துப் பேச்சை மறந்து நின்றிருக்கிறேன். அங்கே கரையேறிய வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "இன்னாக்கா இது, வந்தவங்கள எல்லாம் சூரியனப் பாக்க வுட்டுட்டு நீ மட்டும் கடலுக்கு முதுகக் காட்டிக்கினு கீற? ஒனக்கு ஆசயே இல்லியா?" தொழில் அப்படி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த சீசன் முடிந்ததும் போகவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருக்க எனக்கு ஒத்துவரவில்லை, சாப்பாட்டுக் கூடமே போதும் என்று திரும்பிவிட்டேன். ஆனால் அந்த அம்மாள் கேட்டது மனதில் ஒரு மூலையில் கிடந்தது.

இப்போது பூங்கொடிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த பூங்கொடி, கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் வேகவைத்த மல்லாட்டையும் வெள்ளரிப்பிஞ்சும் விற்றுக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸுக்குள் கடைசி சீட்டுக்காரனுக்கும் கேட்கும்படி கத்துகிறவள். எனக்குத் தெரிந்த பூங்கொடி முதலில் வந்தபோது குரலே இல்லாதவள். கோடையிலும் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை. கடைசி வரிசையில் சுவரோரம் நிற்பாள், கையைத் தோளுக்கு மேல் தூக்கமாட்டாள். அந்த நாட்களில் நான் யாருடைய உடம்பையும் கேட்காமல் தொட்டுத் திருத்துவேன். முதுகைத் தட்டுவேன், முட்டியை நகர்த்துவேன். டீச்சர்தானே, பொம்பளைதானே, இதற்கென்ன கேள்வி என்று நினைப்பு. அப்படித்தான் ஒரு நாள் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். அவள் துள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "விழுந்துட்டேன் டீச்சர், கெணத்தாண்ட வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தபோது கையை எடுத்துக்கொண்டு என் பாய்க்குத் திரும்பினேன்.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். யாராக இருந்தாலும் பக்கத்தில் போய் நின்று, "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். "இன்னா டீச்சர், மாப்ள கூட கேட்டதில்ல" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் மறுநாள் நான் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. பூங்கொடியிடம் தினமும் கேட்டேன். தினமும் "வேணாம் டீச்சர்" என்றாள். சரி என்று நகர்ந்துவிடுவேன். ஒரு மார்கழிக் காலையில் கேட்டபோது "ம்" என்றாள். அவள் தோளில் கையை வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு மூச்சு உள்ளே போய், நின்று, வெளியே வந்தது. அந்தக் கை மெல்ல மேலே போயிற்று. தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைக்கு மேல் போய் நின்றது. ஒரு மனுஷியின் கை தலைக்கு மேல் போவதற்கு இவ்வளவு நாள் ஆகும் என்றும், போய்விட்டால் அது இவ்வளவு பெரிய காட்சி என்றும் எனக்கு அதுவரை தெரியாது. கைநீட்டுகிற அந்தப் புருஷனைவிட்டு அவள் வெளியே வந்த கதையை அவள்தான் சொல்லவேண்டும், நான் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு அவளுக்கு வந்த குரல்தான் நீ கூட்ரோட்டில் கேட்பது. அந்தக் குரலோடு வகுப்புக்கும் வந்து எல்லாரையும் கேலி செய்து என் பொறுமையைச் சோதித்தாள். வத்தக்குழம்புக் குரலும் அவளுடையதுதான். நானே விழுப்புரத்துக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தேன். அங்கேயும் வாயாடித்தான் பாஸ் செய்தாள் என்று கேள்வி.

சரி, நன்றாக நடந்துகொண்டிருந்த வகுப்பை ஏன் விட்டேன் என்பதுதானே உன் கேள்வி. முட்டி வலி என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் இல்லை, வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இப்போதெல்லாம் தரையோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்தவேண்டியிருக்கிறது. ஆனால் உண்மையான காரணம் வசந்தா மேடம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதல் வரிசையில் என் நேர் எதிரில் நிற்பார், வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து வந்தவர். மகன் வீட்டோடு இருக்க விழுப்புரம் போனார். போன கொஞ்ச நாளில் போன் செய்தார். "டீச்சர், பாய விரிச்சிட்டு நிக்கறேன், எந்தக் கைன்னே தெரியல. எதிர்ல நீங்க இருந்தாதான் ஒடம்பு வளையுது. நீங்க இல்லன்னா நான் வெறும் கட்டை" என்றார். கேட்ட உடனே எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லிக் காட்டினேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் என் எதிரில் நின்றவர், நான் இல்லாமல் ஒரு கையைத் தூக்க முடியவில்லை என்கிறார். நான் யோகாவைக் கற்றுக்கொடுத்தேனா, இல்லை என் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேனா? நான் நாளைக்கு விழுந்தால் இந்தப் பெண்கள் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்களா? அந்த ஒரு மணி நேரம்தான் நாள் முழுக்க அவர்களுக்கென்று இருப்பது. அதுவும் என்னோடு போய்விடுமா என்று நினைத்தபோது எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பைபாஸ் பக்கம் புதுக் கட்டடத்தில் ஏசி போட்டு, சுவரில் பெரிய திரை வைத்து நடத்துவார்களாம். என் பெயர்ப் பலகையும் என் மாணவிகளும் அவர்களுக்கு வேண்டும். "குடுத்துடும்மா. இதுதான் சான்ஸு. நீயும் அப்பாவும் வந்து எங்களோட இருங்க" என்றாய். உன் பேச்சில் தப்பே இல்லை. பிள்ளை என்றால் அப்படித்தான் சொல்லவேண்டும். ஆனால் அந்தத் திரையில் வரப்போகிற பெண்ணைக் காட்டினார்கள். அழகான பெண். வெள்ளை மணலில் நின்று சிரித்துக்கொண்டே வளைகிறாள். நம் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இனி அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுப் பூங்கொடியைக் கூப்பிட்டேன். "நாளைக்கு நீ எடு. நான் வந்து நிக்கிறேன்" என்றேன். கூட்ரோட்டையே கிடுகிடுக்க வைக்கிறவளுக்குக் குரல் உள்ளே போய்விட்டது. "எனக்கு அந்தக் கண்ணாடி வேலையெல்லாம் வராது டீச்சர். வலதுன்னா வலதுதான் வரும். பேஜாரா பூடும்" என்றாள். "வந்தது வரட்டும்" என்றேன். நாளைக்குக் கூடம் சிரிப்புக்கூத்தாகிவிட்டால் பேசாமல் கம்பெனிக்கே கொடுத்துவிடுவது என்று உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் நான் கடைசி வரிசையில், சுவரோரம், ஒரு காலத்தில் பூங்கொடி நின்ற இடத்தில் பாயை விரித்தேன். எல்லாரும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூங்கொடி முன்னால் போய் நிற்கவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். "யாரும் என்னப் பாக்காதீங்க. நைட்டெல்லாம் தூங்கல, இந்த ஒடம்பு இன்னிக்கி எதுக்கும் வளையாது. டீச்சரையும் பாக்காதீங்க, அவங்களும் இன்னிக்கி ஸ்டூடண்ட்டுதான். ஜன்னல் பக்கமா திரும்பிக்கினு கண்ண மூடுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாள்கூட அவர்களை முழு வகுப்புக்கும் கண்ணை மூட வைத்ததில்லை. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். "மூச்ச இழுத்துக்கினே வலது கைய மேல கொண்டு போங்க. ஜல்தி வேணாம், பஸ்ஸு ஒண்ணும் போயிடாது" என்றாள். கை மேலே போயிற்று. பொறுக்க முடியாமல் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அந்தக் காட்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஜன்னல் இருந்ததால் எனக்கு முன்னால் அத்தனையும் முதுகுகள். இத்தனை வருஷம் நான் அவர்கள் முகங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊக்கு குத்திய ரவிக்கை முதுகு, பேரனைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்த முதுகு, வயலில் குனிந்து வளைந்து போய்ப் பிறகு எங்கள் கூடத்தில் நிமிர்ந்த முதுகு. ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. அந்த முதுகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தன, ஒரே நேரத்தில் அடங்கின. டெப்போ கொட்டகையில் கேட்டேனே, அதே சத்தம். அத்தனை வலது கைகளும் தலைக்கு மேல் நின்றன. ஒருத்தி கண்ணிலும் யாரும் இல்லை. நான் இல்லை, பூங்கொடி இல்லை, திரை இல்லை. அவர்களுக்கே தெரிந்திருந்தது. எல்லாருக்கும் எப்போதோ தெரிந்துவிட்டிருந்தது. நான் எதிரில் நின்று மறைத்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பொம்மையார்பாளையத்து அம்மாள் சொன்ன சூரியன் இதுதான்போல என்று நினைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் அது எத்தனை வருஷமாக எழுந்துகொண்டிருந்ததோ. கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அப்போது என் பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. பூங்கொடி வந்து நின்றாள். என் காதுக்குக் கிட்டே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "தொடட்டுமா டீச்சர்?" என்றாள். எதற்கு என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் மேலே பார்த்தேன். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு இடது கை தூக்கி நின்றது. அது என்னுடையது. வலது என்று காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் என் இடது கை தானாகப் போய்விட்டிருந்தது. "ம்" என்றேன். அவள் என் இடது கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள். வலது கையை எடுத்து, அவசரமே இல்லாமல், தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேல் கொண்டு போய் நிறுத்தினாள். பஸ்ஸுக்குள் கத்துகிற அந்த வாயாடியின் கையில் அவ்வளவு மென்மை இருந்தது. நான் அவளுக்குக் கொடுத்தது அன்று எனக்கே திரும்பி வந்தது. சும்மா வரவில்லை, கேட்டுக்கொண்டு வந்தது.

வகுப்பு முடிந்ததும் கூடத்துச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஈஸியாகக் கொடுத்துவிட்டேன் என்றாயே, ஆமாம், ஈஸியாகத்தான் இருந்தது. அந்த வகுப்பு எப்போதோ என் கையைவிட்டு அவர்களிடம் போய்விட்டது, நான் சாவியை மட்டும்தான் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆக, இவ்ளோ நாளு கத்துக் குடுத்தவளுக்கே கை தெரியல. நான் தூங்குனது தப்பே இல்ல" என்றார். வசந்தா மேடத்துக்கும் போன் போட்டேன். "பாய விரிச்சு சுவர் பக்கம் திரும்பிக் கண்ணை மூடுங்க. என்னை நினைக்காதீங்க" என்று சொன்னேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "கை மேல போச்சு டீச்சர்" என்றார், சின்னப் பெண் மாதிரி.

பெங்களூருக்கு வந்து உங்களோடு இருக்கும்படி நீ கூப்பிட்டதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வருவோம், இருப்போம், திரும்பிவிடுவோம். நான் விட்டது முன்னால் நிற்கிற இடத்தைத்தான். கடைசி வரிசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அதை விட மனசு வரவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு வலது எது, இடது எது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மூன்று தரம் சரியாகத் தூக்கினேன். நாலாவது தரம் தப்பு. பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

உனக்குக் கல்யாணப் புத்தி சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில் கற்றதுதான். நிவேதா விழுப்புரத்துப் பெண், வாய் கொஞ்சம் கூட, நல்ல பெண். அவள் எதிரில் நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்று செய்து காட்டிக்கொண்டே இருக்காதே. அவளுக்கே தெரியும். நீ கொஞ்சம் நகர்ந்து நின்றால் அவளுக்குத் தெரிந்திருப்பது உனக்கும் தெரியும். கோபத்திலும் சரி, ஆசையிலும் சரி, கேட்டுத் தொடு. வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துகொள். நாளைக்கு ஒரு "ம்" வரும்போது அதன் அருமை உனக்குத் தெரியும். இதை உன் அப்பா, யாரும் சொல்லித் தராத காலத்திலேயே, எப்படியோ தெரிந்து வைத்திருந்தார். அதை அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை, நீயும் சொல்லிவிடாதே, தலைகால் புரியாது.

நம் பக்கத்து வழக்கப்படி பெண்ணை அழைத்து வந்து மாப்பிள்ளை ஊரிலேயே கல்யாணம் என்பதால் அதே மண்டபம்தான். இத்தனை வருஷம் வாசலில் வாழை மரத்தைப் பார்த்தால் அடடா, இன்றைக்கு வகுப்பு போச்சே என்று திரும்பிப் போவோம். தை பிறந்து அந்த முகூர்த்தத்தன்று உனக்காகக் கட்டுவார்கள். எங்கள் பாய்கள் கிடந்த இடத்தில் இலை விழும். என் மாணவிகள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து முதுகை நேராக வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள், பார்த்துக்கொண்டே இரு. வத்தக்குழம்பு வேண்டும் என்று பூங்கொடி சமையல்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டை எடுத்தால்கூட போட்டோ அனுப்பி அம்மா இது நன்றாக இருக்கிறதா என்று கேட்கிற பிள்ளை நீ. முகூர்த்த நேரத்தில், தாலியைக் கையில் எடுத்தபின், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று என் முகத்தைத் தேடித் திரும்பாதே. தேடினால் நான் பதற்றத்தில் தப்பான கையைத்தான் காட்டுவேன், நீ முடிச்சை எங்கேயாவது போட்டுவிடுவாய். முன்னால் பார். உனக்குத் தெரியும். நான் உனக்குப் பின்னால்தான் நிற்பேன். நீ பிறந்ததிலிருந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், உன் முதுகு எவ்வளவு அகலமாகிவிட்டது என்பதை அன்றைக்குத்தான் பார்க்கப்போகிறேன். அதன் மேல் வந்து விழுகிற அட்சதையில் ஒரு பிடி இடது கையால் போட்டதாக இருக்கும். அது அம்மா போட்டது என்று தெரிந்துகொள்.

கடைசி வரிசையிலிருந்து,
உன் அம்மா